திரை எத்தனை அங்குலம்?

கேள்வி: என் மேசை 4 அடி நீளம், 2 அடி அகலம். நாள் முழுக்க எக்செல் வேலை. 34 அங்குல அல்ட்ராவைடு (வழக்கத்தைவிடப் பக்கவாட்டில் நீண்ட திரை) வாங்கலாமா?

பதில்: நீளம் தாராளம், அகலம்தான் இடிக்கிறது. 34 அங்குலத் திரை இடமிருந்து வலமாகச் சுமார் 80 செ.மீ. ஸ்டாண்டே மேசையில் முக்கால் அடியைத் தின்றுவிடும். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால், ஓரத்து நெடுவரிசையைப் படிக்க ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பணும், மாலைக்குள் வலிக்கும். உயரமோ 27 அங்குலத் திரையின் அளவுதான், கூடுதலாக ஒரு வரிசைகூடத் தெரியாது.

27 அங்குலமே வாங்குங்கள், 2560×1440 பிக்சலில். 1920×1080 வேண்டவே வேண்டாம்: இந்த அளவில் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும். பின்புறம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் மானிட்டர் ஆர்ம் (ஸ்டாண்டுக்குப் பதிலாகத் திரையைத் தாங்கும் கை) மாட்டி, திரையைச் சுவரோரம் தள்ளிவிடலாம்.