இருமினால் சிறுநீர் கசிகிறது: எடைதான் காரணமா?

கேள்வி: வயது 43. உயரம் 157 செ.மீ., எடை 82 கிலோ. இரண்டும் சுகப்பிரசவம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. எடையைக் குறைக்க ஸ்கிப்பிங் ஆரம்பித்ததும் கசிவு அதிகமாகிவிட்டது. உடற்பயிற்சியையே விட்டுவிடவா?

பதில்: விட்டுவிடாதீர்கள். ஸ்கிப்பிங்கை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவிட்டு நடைப்பயிற்சி, நீச்சல், சைக்கிள் என்று மாறுங்கள்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல இடுப்புத் தளத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இவைதான். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு நாள் முழுக்க இவற்றை அழுத்துகிறது. போதாததற்கு, பிரசவத்திலும் இவை இழுபட்டிருக்கின்றன. இருமும்போதோ குதிக்கும்போதோ அழுத்தம் திடீரென ஏறினால், சிறுநீர்த் தாரையை இறுக்கி மூட இவற்றால் முடிவதில்லை.

எடை குறைந்தால் கசிவும் குறையும். அதற்கு ஒல்லியாக வேண்டியதில்லை. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு ஏறத்தாழப் பாதியானது. உங்கள் கணக்கில் அது ஆறரை கிலோ. ஆனால் கர்ப்பப்பை இறக்கம் இருந்தால், எடை குறைவதால் மட்டும் அது சரியாகிவிடாது.

எடை குறையட்டும் என்று காத்திராமல், இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். 6 முதல் 8 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 12 முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தொடக்கத்தில் 3 விநாடிதான் பிடிக்க முடிகிறதா? அதுவே போதும், மெல்லக் கூட்டலாம். பலரும் மூச்சை அடக்கிக்கொண்டு, முக்குவதுபோலக் கீழே தள்ளுகிறார்கள். அது தசையை மேலும் தளர்த்தும். பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவதால் பயனில்லை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் கூடாது.

தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் அந்தத் தசையை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். பழகப் பழகக் கைவரும் இந்த உத்தி அன்றாடம் உதவும். மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் இரண்டையும் கவனியுங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி, பையை எரிச்சலூட்டி, அவசரத்தைக் கூட்டும்.

பிறப்புறுப்பில் எதுவோ இறங்குவதுபோலத் தோன்றினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, முழுதாகக் கழியாமல் தேங்கினாலோ உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால், தசையைச் சரியாகத்தான் இறுக்குகிறீர்களா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துச் சொல்வார்.