நர்சம்மா பதில்கள்: சர்க்கரை வருவதற்கு முன்னால்

(நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் கணவருக்கு 44 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். முகாமில் ரத்தம் கொடுத்ததில் எச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை வரவில்லை, சாப்பாட்டில் கவனமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "வந்தால் பார்த்துக்கலாம்" என்கிறார் இவர். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.
– வாசகி, குமாரபாளையம்

பயப்பட வேண்டாம் கண்ணு. ஆனால் "வந்தால் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதே.

இந்தக் கணக்கு 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். உன் வீட்டுக்காரர் நடுவில் நிற்கிறார். இப்படி நடுவில் நிற்பவர்கள் நாட்டில் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. நோய் வந்துவிட்டவர்களோ 10 கோடி சொச்சம்தான். வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு உண்டு, மாத்திரை உண்டு, மறுபடி வரச் சொல்லும் தேதி உண்டு. நடுவில் நிற்பவருக்கு வலியும் இல்லை, சீட்டும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. எனக்கு வெகுநாளாக இதுதான் ஆற்றாமை.

நடுவில் நிற்பவரைத் திருப்ப முடியும் என்பது நம்மூரிலேயே நிரூபித்த விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து மூன்று வருஷம் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே பலன். உடம்பு எடை பெரிதாகக் குறையாமலேயே இது நடந்தது. ஆகவே "நான் ஒல்லிதானே" என்று அவர் சொன்னால் அது செல்லாது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. சேர்ந்தவர்களை அப்படியே விட்டுவிடாமல், போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தறிக்கூடத்துக்கு வருவோம். "தறிக்குத் தறி நடந்துகிட்டேதானே இருக்கேன்" என்பார். அந்த நடையில் மூச்சு வாங்காது. ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் கை வீசி வேகமாக நடக்க வேண்டும். நீயும் கூடப் போ. ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்ட டீ மேல் டீ குடிப்பார்கள். டீக்கடைக்காரரிடம் முதலில் அரைச் சர்க்கரை, பிறகு சர்க்கரை இல்லாமல் என்று சொல்லி வைக்கட்டும். டீயோடு வரும் வர்க்கியும் போண்டாவும் நிற்க வேண்டும். வீட்டில் ஒரு கரண்டி சோறு குறைத்து, பொரியலையும் கொள்ளுப் பருப்பையும் கூட்டு. பச்சைப்பயறு, முட்டை நல்லது. ராகிக் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதுவும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும். அவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதே, பத்தே நாளில் நின்றுபோகும். வீடு முழுக்க ஒரே சாப்பாடு இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது. ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்து வை. அன்றைக்கு நீயே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வை.

மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே ஒரு பெண் கொண்டுவந்து தருகிறார். இப்போது அளவு சரியாகிவிட்டது. "இனி எதுக்கு? சும்மா கொடுக்கிற மாத்திரை வேற" என்று மாமியார் நிறுத்தப் பார்க்கிறார்.
– வாசகி, ஆத்தூர்

மாத்திரை சாப்பிடுவதால்தான் அம்மா அளவு சரியாக இருக்கிறது. நிறுத்தினால் ஏறும், ஏறுவது அவருக்குத் தெரியாது. வாய் கோணி, கை விழுந்த பிறகு தெரிந்து என்ன பயன்? குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். காசில்லாமல் தருவதால் மருந்தின் வேலை குறையாது.

இப்படி வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் புதன்கிழமை தடுப்பூசி போடுவோம். வராத பிள்ளையின் வீட்டை ரிஜிஸ்டரில் பார்த்துத் தேடிப் போவோம். காடு கரையில் வேலைக்குப் போயிருந்தால் அங்கேயே போய் நிற்போம். போலியோ இந்த நாட்டை விட்டுப் போனது அப்படித்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இங்கே ஒரு பிள்ளைக்கும் இயற்கையாகப் பரவும் போலியோ வரவில்லை. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் கொதிப்போடு உட்கார்ந்திருந்த பாட்டிக்கு என் பையில் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு அந்தப் பாட்டியைத் தேடி ஒரு பெண் வருகிறார். மாமியாரிடம் சொல்லுங்கள், அந்தப் பெண் வரும்போது கதவைத் திறந்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கட்டும்.

முழு உடல் பரிசோதனை, எண்பது டெஸ்ட், தள்ளுபடி விலை என்று விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். முப்பது தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். நாற்பதில் கொழுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் முப்பது வயதிலிருந்து கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் கேட்கமாட்டார்கள். புகையிலை போடுபவர்கள் வாயைக் காட்ட வேண்டும். நோய்க்குறி எதுவும் இல்லாமல் எண்பது டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்று எல்லை தாண்டித்தான் இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு டெஸ்ட். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல நடைச் செருப்பு வாங்குங்கள்.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றபடி வேலை. சாயங்காலம் கால் வீங்குகிறது, நரம்பு சுருண்டு தெரிகிறது. பாத்ரூம் இரண்டு மாடி தள்ளி இருப்பதால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிக்கடி நீர்க்கடுப்பு. யோகா செய்தால் சரியாகுமா அக்கா?
– வாசகி, சேலம்

யோகா செய், நல்லதுதான். ஆனால் தங்கை, உன் காலுக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி. அது உனக்குச் சட்டப்படி உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார முதலாளி இருக்கை போட்டுத் தர வேண்டும். கேரளத்தில் 2018-இலேயே இது வந்துவிட்டது.

"உடம்பைப் பார்த்துக்கொள்" என்று உன்னைப் போன்ற பெண்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த நேரத்தில் பார்ப்பது? தண்ணீர் குடிக்கவே கணக்குப் பார்க்கிற இடத்தில் நிற்கிறவளிடம் ஆரோக்கியம் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. ஒரு மாடியில் ஒரு கழிப்பறை கட்டினால் எத்தனையோ பெண்களின் நீர்க்கடுப்பு நிற்கும். எந்த மருந்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

தனியாகப் போய்க் கேட்காதே, நாலைந்து பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பிரிவு எண்ணை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதுவரை, நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி இறக்கு. வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு. நரம்புக்கு இறுக்கமான காலுறை தேவையா என்று டாக்டரிடம் காட்டிக் கேள். நீர்க்கடுப்போடு காய்ச்சலோ முதுகுவலியோ வந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும், லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.