அப்பாவின் திருமண நினைவுப் பதக்கங்களை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணங்களின் நினைவுப் பதக்கங்கள் மூன்றை என் தந்தையார் விட்டுச் சென்றுள்ளார். அவை 1863, 1923, 1947ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. லண்டனில் ஏலம் விடுவதற்காக, விடுமுறையில் வந்துள்ள என் தம்பி அவற்றைப் பெட்டியில் எடுத்துச் செல்லலாமா? – கோவை வாசகர்

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972, நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள நாணயம், சிற்பம், ஓவியம் மட்டுமன்றி ஏனைய கலை, கைவினைப் படைப்புகளையும் தொல்பொருள் என்கிறது. அவை இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த வரையறை கூறவில்லை. குறைந்தபட்ச விலை எதுவும் அதில் இல்லை. ஆகவே, ‘இங்கிலாந்துப் பொருள் இங்கிலாந்துக்கே திரும்புகிறது’ என்ற வாதம், நியாயமாகத் தோன்றினாலும், சுங்கத்துறையிடம் செல்லுபடியாகாது.

இளவரசர் எட்வர்டு – அலெக்சாண்ட்ரா திருமணத்துக்கான 1863 பதக்கம் அந்தக் காலத்தில் அடிக்கப்பட்டதே என்றால், அது தொல்பொருள்தான். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஆல்பர்ட்டின் 1923 திருமணப் பதக்கத்தில்தான் பலர் ஏமாந்துபோவார்கள்; 2023இல் நூறாண்டு நிறைந்ததால், உங்கள் தந்தையார் வாங்கியபோது இல்லாத தடை இன்று அதன்மேல் விழுந்துவிட்டது. எலிசபெத் – பிலிப் திருமணத்தின் 1947 பதக்கத்துக்கு இத்தடை இல்லை.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, மத்திய அரசோ அது அதிகாரமளித்த முகமையோ தவிர வேறெவரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. கூரியரில் அனுப்பினாலும் கைப்பெட்டியில் எடுத்துச் சென்றாலும் அது ஏற்றுமதியே. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு, பொருளும் பறிமுதலாகும். அந்தச் சுமை உங்கள் தம்பியின் தலையில் விழும் என்பதே என் கவலை.

நீங்கள் அனுப்பிய படத்தில், 1863 பதக்கத்தின் மேல்விளிம்பில் சங்கிலி கோக்கத் துளையிட்டிருப்பது தெரிகிறது. ஆயினும் துளையும் பொறித்த ஆண்டும் மட்டுமே வயதை நிரூபித்துவிடாது. பின்னாளில் செய்த நகலிலும் அதே ஆண்டு இருக்கலாம். ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டுங்கள்; அதன் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ளது. தொல்பொருள் அல்ல என்று அவர்கள் சான்றிதழ் அளித்தால் தாராளமாக அனுப்பலாம். 24ஆம் பிரிவின்படி இதில் துறைத் தலைமை இயக்குநரின் முடிவே இறுதியானது. 1947 பதக்கத்துக்கும் அச்சான்றிதழைக் கையில் வைத்திருப்பது விமான நிலையத்தில் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இந்தியாவுக்குள் விற்பதற்குத் தடையில்லை. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாக நடத்துவோருக்கே 5ஆம் பிரிவின்படி உரிமம் தேவை. தந்தையாரின் சேகரிப்பிலிருந்து ஒருமுறை விற்பது தொழிலாகாது என்பது என் கருத்து. விற்றால், இருபுறப் படங்களோடும் எடையோடும் ரசீது எழுதி, வாங்குபவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.