பெற்றோர் இருக்கும் கவுன்சில் பிளாட்டைக் கழிவு விலையில் வாங்கலாமா?

கேள்வி: என் பெற்றோர் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) பிளாட்டில் 22 வருடங்களாக வாடகைக்கு இருக்கிறார்கள். அதை வாங்கிவிட வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். பணம் போடப்போவது பிள்ளைகள் நாங்கள். வாங்கலாமா?

பதில்:

என் அப்பாவும் இதே ஆசையோடுதான் 2002இல் எங்கள் பிளாட்டை வாங்கினார். தெற்கு லண்டனில் ஐந்து மாடிக் கட்டடம், எங்களுடையது மூன்றாம் மாடி. கவுன்சில் வாடகைக்காரர் தாம் இருக்கும் வீட்டையே சந்தை விலையை விடக் குறைத்து வாங்கவிடும் 'ரைட் டு பை' (Right to Buy) திட்டம் அது. அப்படிக் குறைக்கும் தொகைதான் கழிவு. அப்போது லண்டனில் உச்சக் கழிவு 38,000 பவுண். 110,000 என்று மதிப்பிட்ட வீடு 72,000க்குக் கிடைத்தது. அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். சட்டத்தரணிச் செலவுக்கு அம்மாவின் சீட்டுக்காசு உதவியது. அதே வீடு, அதே சாவி. ஆனாலும் பத்திரம் கைக்கு வந்த அன்று அம்மா பால் காய்ச்சினார். "இனி எங்களை எழும்பச் சொல்ல ஒருவரும் இல்லை" என்றார். யாழ்ப்பாணத்து வீட்டை ஒரே இரவில் விட்டு வந்தவர் அவர். ஆகவே உங்கள் அப்பாவின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஒன்பது வருடம் கழித்து, கூரையும் ஜன்னல்களும் மாற்றியதில் எங்கள் பங்கு என்று 19,400 பவுணுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவே இல்லை. தவணை போட்டுக் கட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது.

பிளாட் வாங்குகிறவர் வாங்குவது கட்டடத்தை அல்ல. பெரும்பாலும் 125 வருட லீஸை, அதாவது நீண்டகாலக் குத்தகையை. கூரை, லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் கவுன்சிலுடையவை, அவற்றைத் திருத்தும் செலவில் உங்களுக்கும் பங்கு. விலையைச் சொல்லிக் கவுன்சில் அனுப்பும், வீடமைப்புச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அறிவித்தலில், அடுத்த ஐந்து வருடத்துக்கான திருத்த வேலைகளின் மதிப்பீடும் இருக்கும். அந்த ஐந்து வருடத்துக்குள், விலைவாசி உயர்வுக்கான கூட்டலைத் தவிர, அதற்கு மேல் கேட்க முடியாது. ஆறாம் வருடத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு பெரிய மாற்றம்: 2024 நவம்பர் 21 முதல் இங்கிலாந்தில் உச்சக் கழிவை வெட்டிவிட்டார்கள். லண்டனில் 136,400 பவுண் வரை இருந்தது, இப்போது பெரும்பாலான பகுதிகளில் வெறும் 16,000. 350,000 பெறுமதியான பிளாட்டில் அது ஐந்து வீதம்கூட இல்லை. "கவுன்சில் வீடு பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

உங்கள் பெற்றோருக்கு வாடகை உதவித்தொகை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கிய அன்றே அது நின்றுவிடும். மோர்ட்கேஜுக்கு (வீட்டுக்கடனுக்கு) அந்த உதவி கிடையாது. சமையலறைக் குழாய் உடைந்தாலும் இனி நீங்கள்தான் ஆள் கூப்பிட வேண்டும். ஓய்வூதிய வயதில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

விண்ணப்பம் போடுவதற்குக் கட்டணம் இல்லை, கடைசிக் கட்டம் வரை விலகிக்கொள்ளவும் முடியும். எனவே போட்டு, அந்த அறிவித்தலை வரவழைத்து, மதிப்பீட்டுப் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் அரசாங்க மதிப்பீட்டாளரிடம் முறையிடலாம்; ஆனால் அவர் கூட்டிச் சொன்னாலும் அதுதான் முடிவு. ஒரு வருடமாவது பெற்றோருடன் அதே வீட்டில் வசித்த பிள்ளைகள், மூன்று பேர் வரை, சேர்ந்து வாங்கலாம். வெளியே இருந்து பணம் மட்டும் கொடுக்கும் பிள்ளையின் பங்கைச் சட்டத்தரணியிடம் எழுதி வையுங்கள். "அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து" என்று விட்டு, பிறகு முகம் பார்க்காமல் போன குடும்பங்களை நான் அறிவேன்.

வாங்கி உடனே விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் வருடத்தில் விற்றால் கழிவு முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து ஐந்து வருடத்தில் அந்தக் கடமை தீரும். பணத்தை விடவும் எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் எதிர்வீட்டை வாங்கியவர் பிறகு விற்றுவிட்டார். இன்று அது ஒரு தனியாருடைய வாடகை வீடு. வீடற்ற குடும்பங்களைக் கவுன்சிலே அங்கு தற்காலிகமாகத் தங்கவைக்கிறது, தான் விற்ற வீட்டுக்கே வாடகை கொடுத்து. 1980இல் இந்தத் திட்டம் வந்த பிறகு இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் கைமாறியிருக்கின்றன. அந்த அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இதை நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் என்றால், தனி வீடாக இருந்தால் வாங்கப் பார்ப்பேன். பிளாட் என்பதால், 16,000 கழிவுக்காக மட்டும் வாங்கமாட்டேன். கட்டடம் எத்தனை மாடி, கூரையும் லிஃப்டும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அறிவித்தல் வந்ததும் என்னோடு சேர்ந்து பார்க்க விரும்பினால் பார்க்கலாம். 12 வாரம் அவகாசம் இருக்கும்.