வசந்த கால மழை பெசன்ட் கோழிகளைக் குறைக்குமா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மாமா, "இந்த வசந்தத்தில் ஓயாத மழை, பெசன்ட் குறைந்துவிடும்" என்கிறாராம். பெசன்ட் (pheasant) நம் காட்டுக்கோழிக்குச் சொந்தமான பறவை. மழை நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். எப்போது பெய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏப்ரல், மே மாத மழை பெரும்பாலும் நல்லதே. புல் உயர்ந்து கூட்டை மறைக்கும், பூச்சி பெருகும். பெசன்ட் தரையில்தான் முட்டையிடும். எல்லா முட்டையும் இட்டு முடித்த பிறகே அடைகாக்க உட்காரும். அதனால் சுமார் 23 நாளில் குஞ்சுகள் ஒன்றாகப் பொரியும். வெள்ளத்தில் கூடு போனாலும் மறுபடி முட்டையிடும். என்ன, முட்டைகளின் எண்ணிக்கை குறையும்.

ஆபத்து ஜூனில்தான், குஞ்சு பொரிக்கும் சமயம். உடம்பில் வெறும் பஞ்சுத் தூவி. முதல் ஓரிரு வாரம் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்மழை நாள்கணக்கில் நீடித்தால் தாயின் இறக்கைக்கடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும், பூச்சி பொறுக்கப் போகாது. அந்த வயதில் அதற்குப் பூச்சிதான் சாப்பாடு. குளிர் பாதி கொல்லும், பசி மீதியைக் கொல்லும்.

சரி, நம் பினாங்கில் வசந்தம் ஏது? ஆனாலும் பாலேக் பூலாவில் என் பாட்டி, மழையில் நனைந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளைத் துணியால் துடைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே பல்பைத் தொங்கவிடுவார். அரைமணியில் தூவி உலர்ந்து கீச்சுக்கீச்சு என்று கத்த ஆரம்பித்துவிடும். பெசன்ட் குஞ்சுக்கு அந்தப் பல்பு கிடையாது.