டிஎன்42 கேள்வி பதில்: சிங்கப்பூருக்கு ஏன் பிராங்க்பர்ட் வழி?

ஆர்வலர்கள் வயர்கார்ட் எனும் விபிஎன் டனல்களால் கண்டங்களை இணைத்து, மேலே பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் நெறிமுறை) ஓட்டும் வலையமைப்பு டிஎன்42. அதன் ரவுட்டிங் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள்.

கல்லடி: அண்ணன், சிங்கப்பூர் நண்பருக்குப் பிங் 300 மில்லிசெக்கனுக்கு மேல. டிரேஸ் எடுத்தா பிராங்க்பர்ட் போகுது. ஏன்?

தம்பி, பிஜிபி கிலோமீற்றரை எண்ணாது, கடக்கும் ஏஎஸ்களை (தனித்தனி வலையமைப்புகளை)த்தான் எண்ணும். பிராங்க்பர்ட் வழி 2, நேர்வழி 3 என்றால் பிராங்க்பர்ட்தான் வெல்லும். ஃபைபரில் 1,000 கிலோமீற்றர் போய்வர 10 மில்லிசெக்கன். நேர்க்கோட்டில் சிங்கப்பூர் ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர், அதாவது 25. பிராங்க்பர்ட் சுற்றினால் 18,000. கேபிள் வளைவைச் சேர்க்காமலே 180.

ஒவ்வொரு டனலுக்கும் பிங் எடுத்து ரூட்டில் கம்யூனிட்டி (எண் டேக்) ஒட்டுங்கள்: 20–55 மில்லிசெக்கன் என்றால் (64511,4), 55–148 என்றால் கடைசி எண் 5, 148–403 என்றால் 6. பிறகு 6 உள்ள ரூட்டுக்கு லோக்கல் பிரெஃபரன்ஸை (உங்கள் ரவுட்டர் தரும் முன்னுரிமையை)க் குறையுங்கள். ஏஎஸ் பாதைக்கு முன்னரே அதுதான் பார்க்கப்படும். இது நீங்கள் அனுப்பும் திசையை மட்டும் மாற்றும். திரும்பும் வழி நண்பர் கையில். அவரும் செய்ய வேண்டும், அல்லது பிராங்க்பர்ட் பக்கம் பாதை நீளமாகத் தெரிய உங்கள் ஏஎஸ் எண்ணை இன்னும் இரண்டு தரம் சேர்த்து அறிவியுங்கள்.

எதைத் தொடுமுன்னும் ஃபில்டர்: 172.20.0.0/14க்கு வெளியே உள்ள ஐபிவி4 எதையும் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஆர்ஓஏவும் (எந்த முகவரியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற பதிவு) பாருங்கள்.

கல்முனை: நானா, டேக்கைக் கூட்டிப் பார்த்தா மொத்தத் தாமதம் தெரியும்தானே?

தெரியாது. பாதையில் உள்ள மோசமான ஒரு இணைப்பின் எண்தான் மிஞ்சும். ஒவ்வொன்றும் 50 மில்லிசெக்கனாக மூன்று இணைப்பு வந்தாலும் 4 என்றே காட்டும், உண்மை 150.

கல்முனை: அப்ப டேக்கால என்ன பயன்?

கடல் தாண்டியதைக் காட்டிக்கொடுக்கும், அது பெரிய பயன். கூடவே மண்டல எண்ணையும் பாருங்கள்: ஐரோப்பா 41, கிழக்காசியா 52. அது ரூட் பிறந்த இடம், கடந்து வந்த இடமல்ல. இரண்டையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடி: டனல் எழும்புது, பிஜிபியும் வந்திட்டு. பிங் போகுதில்ல.

வயர்கார்ட் தானாக ரூட் போடாதபடி அதில் டேபிள் ஆஃப் செய்தீர்களா? அலவுட் ஐபியில் (டனல் அனுமதிக்கும் முகவரிகளில்) டிஎன்42 முழுதும் உண்டா? ஆர்பி ஃபில்டர் (வந்த பொதியின் திரும்பும் வழியைச் சரிபார்க்கும் லினக்ஸ் அமைப்பு) 0 ஆக வேண்டும். இல்லாவிட்டால், போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கும்போது கேர்னல் பொதியை எறிந்துவிடும். கேர்னல் ரூட்டில் சோர்ஸ் முகவரி உங்கள் டிஎன்42 முகவரியா என்றும் பாருங்கள்.

ஏறாவூர்: எஸ்எஸ்எச் வேலை செய்யுது, பெரிய ஃபைல் நிண்டுருது.

எம்டியூ, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. 1420 வையுங்கள், இணைய இணைப்பு பிபிபிஓஈ வகை என்றால் 1412. டிசிபி துண்டுகளை அதற்கேற்பச் சிறிதாக்கும் எம்எஸ்எஸ் கிளாம்ப் போடுங்கள்.

அக்கரைப்பற்று: எனக்கும் பிராங்க்பர்ட் வழியாத்தான் போகுது.

கல்லடிக்குச் சொன்னதேதான். ஃபில்டர் போட்ட பிறகு.

காத்தான்குடி: வீட்டில் பொது ஐபி இல்லை.

டனல் அறாமல் இருக்க வயர்கார்ட்டில் கீப்அலைவ் 25 செக்கன் வையுங்கள். மறுமுனைக்கு நிலையான முகவரி இருந்தால் போதும். வீட்டு 192.168 ரூட்டும் டிஃபோல்ட் ரூட்டும் வெளியே போகாதபடி ஃபில்டர் போட்டுவிட்டுத்தான் பியர் (உங்களோடு பிஜிபி இணைப்பவர்) கேளுங்கள்.