விசார்ட் இருக்க ரோக் எதற்கு?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு), 2014 ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், எல்லோரும் மூன்றாம் லெவல். பூட்டைத் திறப்பதா, ஒளிந்து போவதா, எதுவானாலும் விசார்ட் (மந்திரவாதி) ஒரு மந்திரம் போட்டு முடித்துவிடுகிறார். ரோக் (பூட்டுத் திறப்பதிலும் பதுங்குவதிலும் தேர்ந்த பாத்திரம்) ஆடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மந்திரங்களின் பலத்தைக் குறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மந்திரத்துக்கு விதியிலேயே விலை இருக்கிறது. உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அதை வசூலிப்பதில்லை, அவ்வளவுதான். 'நாக்' மந்திரம் பகடையே இல்லாமல் பூட்டைத் திறக்கும். ஆனால் அதோடு எழும் தட்டும் சத்தம் 300 அடிக்குக் கேட்கும். காவலாளி வராமல் இருப்பாரா? இரண்டாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) ஒன்றும் காலி. இந்த லெவலில் விசார்டுக்கு அது மொத்தமே 2தான். 'ஆர்கேன் ரெக்கவரி' என்ற விசார்ட் திறன் மூலம் நாளுக்கு ஒருமுறை, ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) முடிவில், இன்னொன்று கிடைக்கும்.

ரோக் கணக்கைப் பாருங்கள். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +3, தீவ்ஸ் டூல்ஸில் (பூட்டுத் திறக்கும் கருவிகள்) எக்ஸ்பர்டீஸ் (தனித் தேர்ச்சி) +4, ஆக +7. டிசி (எட்ட வேண்டிய எண்) 15 உள்ள பூட்டுக்கு 20 பக்கப் பகடையில் 8 விழுந்தாலே போதும். வாய்ப்பு 65 சதவீதம். செலவு எதுவும் இல்லை.

'இன்விசிபிலிட்டி' மந்திரத்தில் ஆள் தெரியாது, காலடி கேட்கும். ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) பகடையை உருட்டியே ஆக வேண்டும். பல மேசைகளில் இதைத்தான் மறக்கிறார்கள். +1 ஸ்டெல்த் உள்ள விசார்ட் தன்மேல் போட்டுக்கொள்வதைவிட ரோக்மேல் போடுவதே புத்திசாலித்தனம்.

இத்தனைக்கும் வேர், ஒரே சண்டை போட்டுவிட்டு லாங் ரெஸ்ட் (ஸ்லாட்டுகள் எல்லாம் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) எடுப்பது. டிஎம் கையேடு ஒரு நாளுக்கு 6 முதல் 8 மோதல்கள் என்று கணக்குப் போடுகிறது. ஒரே மாலையில் அது முடியாதுதான். ஆட்டத்தின் ஒரு நாளை மூன்று அமர்வுகளுக்கு இழுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒரு லாங் ரெஸ்ட்தான் என்ற விதியைக் கறாராகப் பிடியுங்கள். மூன்றாவது கதவுக்குள் விசார்ட் தானாகவே ரோக்கைத் திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி: புதிய விசார்டின் ஆறு அடிப்படைக் குணங்களுக்கு 27 புள்ளிகளை எப்படிப் பிரிப்பது? ஸ்கில் எவை?

பதில்: இன்டெலிஜென்ஸ் 15 (9 புள்ளி), டெக்ஸ்டெரிட்டி 14 (7), கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14 (7), விஸ்டம் 12 (4), மற்ற இரண்டும் 8. ஹை எல்ஃப் இனத்தை எடுத்தால் முதல் இரண்டும் 16 ஆகும். கான்ஸ்டிட்யூஷனில் கஞ்சத்தனம் கூடாது: அடி விழும்போது கான்சன்ட்ரேஷன் (போட்ட மந்திரத்தைப் பிடித்துவைக்கும் கவனம்) உடையாமல் காப்பது அதுதான். 'சேஜ்' (அறிஞர்) பின்புலம் ஆர்கானா (மந்திர அறிவு), ஹிஸ்டரி இரண்டையும் தந்துவிடும். விசார்ட் வகுப்புக்கான இரண்டு ஸ்கில்லாக இன்வெஸ்டிகேஷன், இன்சைட் (பிறர் மனதைக் கணிப்பது) எடுங்கள். ஸ்டெல்த்துக்காக 'கிரிமினல்' பின்புலத்தைத் தேடிப் போய் ரோக்கின் பிழைப்பில் கை வைக்காதீர்கள்.